ஒரு மரத்தடியில் பொறுக்கிய காடு

ஆனி, ஆடி மாதங்களில் வேப்பம்பழம் உதிரும். எங்கள் ஊர்ப் பக்கம் அந்த நாட்களில் விடிகாலையிலேயே கோயில் திடல் வேம்புகளின் அடியில் பெண்கள் விளக்குமாறும் கோணிப்பையுமாகக் கூடிவிடுவார்கள். பொறுக்கியதில் பெரும்பகுதி எண்ணெய்க்குப் போகும். சில மூட்டை நர்சரிக்குப் போகும். நர்சரி மூட்டைக்குத்தான் அவசரம் அதிகம். வேப்பங்கொட்டை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். அதனால் தூரத்து ஊர்களுக்குப் போய் ஐம்பது மரங்களின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவர யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. நன்றாகக் காய்த்த இரண்டு மூன்று மரங்கள் பக்கத்தில் இருந்தால் போதும், மூட்டை நிறைந்துவிடும்.

அப்புறம் அந்தக் கொட்டைகள் கறுப்புப் பாலிதீன் பைகளில் வரிசையாக முளைத்து நிற்கும்போது பார்க்க அழகாக இருக்கும். பத்தாயிரம் கன்று என்று பலகையில் எழுதுவார்கள். எண்ணிக்கையில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பத்தாயிரமும் மூன்று தாய்களின் பிள்ளைகள். மகரந்தம் கொண்டுவந்த தேனீக்களும் பெரும்பாலும் அக்கம்பக்கத்து மரங்களிலிருந்தே வந்திருக்கும். ஆக, ஒரு மாவட்டம் முழுக்கப் போய் நடப்படும் இந்தக் கன்றுகள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி, அக்கா தங்கை. பின்னாளில் இவை வளர்ந்து பூக்கும்போது சேர்வதும் உடன்பிறந்த மரங்களோடுதான். வெயில் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் இது எவ்வளவு பெரிய குறை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மரபணுப் பன்மை என்பது பாடப்புத்தகச் சொல் மாதிரி ஒலித்தாலும், தோப்பு வைத்திருக்கும் எவருக்கும் விஷயம் தெரிந்ததுதான். ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆனாலும் ஒரு மாமரம் மார்கழியிலேயே பூ எடுக்கும், பக்கத்து மரம் மாசிவரை காத்திருக்கும். மழை தவறிய வருடத்தில் ஒரு புளியமரம் வாடி நிற்கும், பத்தடி தள்ளி நிற்கும் இன்னொன்று பச்சையாகவே இருக்கும். பனையைப் பாருங்கள்: ஆண் பனை தனி, பெண் பனை தனி. எனவே ஒவ்வொரு பனங்கொட்டையும் இரண்டு வேறு மரங்களின் புதுக் கலவை. நெட்டைத் தென்னை பெரும்பாலும் அடுத்த மரத்து மகரந்தத்தை ஏற்கிறது. அதனால் ஒரு குலையில் விளைந்த நெற்றுகள்கூடப் பலவிதமாக வளரும். குட்டைத் தென்னை பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கிறது, அதனால் அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரி வரும்.

காட்டு மரங்களில் பெரும்பாலானவை நெட்டைத் தென்னையின் வழியைத்தான் பிடித்திருக்கின்றன. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. பூச்சிக்கும் புல்லுக்கும் வருடத்துக்கு வருடம் தலைமுறை மாறும். மரத்துக்கு அப்படி இல்லை. நின்ற இடத்திலேயே நூறு, இருநூறு வருடம் எல்லாவற்றையும் தாங்கவேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக வளாகத்தில் 234 வயதான ஓக் மரம் ஒன்று இருந்தது. நெப்போலியனின் படை அந்தப் பக்கம் கடந்துபோனபோது அது இளமரம் என்பதால் அவர் பெயராலேயே அழைத்தார்கள். அதன் கீழ்க்கிளை ஒன்றிலும் உச்சிக்கிளை ஒன்றிலும் இலை பறித்து மரபணுத் தொடரை ஒப்பிட்டு 2017இல் முடிவை வெளியிட்டார்கள். இத்தனை வருட வெயிலுக்கும் பனிக்கும் பிறகு இரண்டுக்கும் இடையே மரபணுத் தொடரில் உறுதியாகக் கண்டுபிடிக்க முடிந்த எழுத்து மாற்றங்கள் வெறும் 17. மரம் தன் வாழ்நாளில் அநேகமாக மாறுவதே இல்லை என்று இதற்குப் பொருள். மாற்றம் வரவேண்டுமென்றால் விதை வழியாகத்தான் வரவேண்டும். காட்டில் ஏற்கெனவே எத்தனை விதமான மரபணு வகைகள் சேர்ந்திருக்கின்றனவோ அவற்றைக் கலைத்துக் குலுக்கித்தான் அடுத்த தலைமுறை தன் வெயிலையும் வறட்சியையும் சந்திக்கிறது. புதிதாகச் சம்பாதிப்பது மிக மெதுவாக நடக்கும். கையிருப்புதான் பிழைப்பு.

அந்தக் கையிருப்பு போதுமான அளவு இருந்தால் மரங்களால் மாற முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பிரான்சில் மூன்று காடுகளில் சுமார் 340, 170, 60 வயதுள்ள ஓக் மரங்களைத் தனித்தனிக் கூட்டமாக எடுத்து மரபணுவை ஒப்பிட்டார்கள். மூத்தவை ஐரோப்பா குளிரில் நடுங்கிய ‘சிறு பனியுக’த்தில் முளைத்தவை. இளையவை அந்தக் குளிர் விலகிய பிறகு வந்தவை. குளிர்க் காலத்தில் ஒரு பக்கம் சாய்ந்த மரபணு வகைகளின் விகிதம், வெப்பம் கூடியபோது மறுபக்கம் திரும்பியிருந்தது. சில நூறு வருடத்தில், சில தலைமுறைக்குள் இது நடந்திருக்கிறது. ஆனால் அது எப்படி நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். ஓக் காட்டில் தாய்மரங்களின் அடியில் கன்றுகள் கம்பளம் விரித்தது போல் முளைக்கும். அவற்றில் தப்பித்து மரமாவது மிகச் சில. அந்த இடத்துக் குளிரும் வெயிலும் பூச்சியும் நிழலும் சேர்ந்து சலித்து எடுக்கின்றன. நாம் குழிக்கு ஒரு கன்று வைத்து, தண்ணீர் ஊற்றி, ஒன்று பட்டுப்போனால் அதே நர்சரியிலிருந்து இன்னொன்றை வைக்கும்போது அந்தச் சல்லடை வேலையே நடப்பதில்லை. மூன்று தாய்களின் பிள்ளைகள் என்றால் சலிக்கவும் பெரிதாக ஒன்றும் இருக்காது.

மரங்கள் காலநிலை மாற்றத்தைப் பார்ப்பது இது முதல் தடவை இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட ஐரோப்பாவைப் பனிப்பாறை மூடியிருந்தபோது ஓக் மரங்கள் ஸ்பெயின், இத்தாலி, பால்கன் பகுதிகளில் ஒதுங்கிப் பிழைத்தன. பனி விலகியதும் அங்கிருந்து வடக்கே ஏறின. இன்றைக்கு ஐரோப்பா முழுக்க இலை எடுத்து, தாய்வழியாக மட்டும் இறங்கும் பச்சையக் கணிகத்தின் (இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பின்) மரபணுவைப் பார்த்தால், ஒவ்வொரு காட்டின் பாட்டியும் எந்தத் தெற்குப் புகலிடத்திலிருந்து வந்தாள் என்று வரைபடம் போட முடிகிறது. கொட்டையைச் சுமந்துபோய் மண்ணில் புதைத்து மறந்துவிடும் ஜே என்ற காக்கை இனத்துப் பறவைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆக, மரங்களும் நடந்திருக்கின்றன. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்தன. நடுவில் நெடுஞ்சாலையும் கோதுமை வயலும் நகரமும் இல்லை.

அந்தப் பயணம் இன்னொன்றையும் விட்டுப்போயிருக்கிறது. முன்னேறிப் போகும் எல்லையில் முளைப்பவை எல்லாம் அங்கே முதலில் போய்ச் சேர்ந்த சில விதைகளின் வம்சம். அதனால் அங்கே பன்மை குறையும். பல மர இனங்களில் பழைய சொத்து பின்தங்கிய எல்லையில்தான் இருக்கிறது, அதாவது காலங்காலமாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் தெற்கு ஓரத்தில். வெப்பம் ஏற ஏற முதலில் பட்டுப்போவதும் அந்த ஓரம்தான். வரைபடத்தில் பார்த்தால் ‘இந்த இனத்தின் பரப்பு கொஞ்சம் வடக்கே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்’ என்று தோன்றும். உண்மையில் நூலகத்தின் பழைய அறை எரிந்துபோய், அட்டை மட்டும் புதிதாக இருக்கும் இரண்டு அலமாரிகள் கூடியிருக்கின்றன.

வடக்கே போக முடியாத மரங்கள் மேலே ஏறவேண்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரத்து மடிப்புகளில் நிற்கும் சோலைக் காட்டு மரங்களுக்கு அந்த வழியும் அடைபடுகிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். அதற்கு மேல் வானம்தான். நீலகிரியில் தை, மாசியில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசை எடுத்துக்கொள்ளுங்கள். ரோடோடெண்ட்ரான் என்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் மரம். அதன் சொந்தங்கள் இமயத்திலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் இருக்கின்றன. நடுவில் இந்தச் சமவெளி முழுக்க அதற்குக் கொதிக்கும் கடல். குளிர்ந்த மலையுச்சிகள் தீவுகள். தீவுக்குள்ளேயும் பிளவு உண்டு: பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். நீலகிரிப் பக்கத்து யானைகளும் ஆனைமலைப் பக்கத்து யானைகளும் மரபணுவில் வேறுபட்டிருக்கின்றன என்று ஆய்வு காட்டியிருக்கிறது. நடக்கிற யானைக்கே தடையான பள்ளம், நிற்கிற மரத்தின் விதைக்கு எப்படி இருக்கும்!

நீலகிரியின் சதுப்புகளில் படிந்த கரிமண்ணை அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்து, கடந்த பல்லாயிரம் ஆண்டுகளில் புல்வெளியும் சோலையும் எப்படி மாறி மாறி ஓங்கின என்று 1993இல் இந்திய அறிவியலாளர்கள் எழுதினார்கள். பனியுகத்தின் உச்சத்தில் மலை வறண்டு புல் பரவியது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மழை கூடியபோது மரம் மீண்டது. மடிப்புகளில் ஒதுங்கியிருந்த சோலைகளிலிருந்து பரவி மீண்டிருக்கிறது. இன்றைக்கு அந்த மடிப்புகளுக்கு இடையே தேயிலையும் சீகை மரமும் தைல மரமும் நிற்கின்றன. சோலை ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு.

துண்டானால் என்ன ஆகும் என்பதை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஒரு மரம் காட்டிக்கொடுத்தது. வெள்ளை அகில். காபித் தோட்டங்களும் சின்னச் சின்னக் காட்டுத் துண்டுகளும் கலந்து கிடக்கும் நிலப்பகுதியில் வளரும், வானுயரும் பெரிய மரம். மரங்கள் நெருக்கமாக நின்ற துண்டுகளிலிருந்தும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற துண்டுகளிலிருந்தும் விதை எடுத்து, நாற்றங்காலில் 297 கன்றுகளை வளர்த்து மரபணு பார்த்தார்கள். மரங்கள் குறைவாக நின்ற துண்டுகளில் உறவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்திருந்தது. அந்தக் கன்றுகள் சவலையாக வளர்ந்தன. 2014இல் வந்த ஆய்வு இது. எனக்கு இதில் நெஞ்சில் தைத்தது ஒன்று உண்டு. அந்தத் தாய்மரங்களைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கம்பீரமாக நிற்கும், காய்க்கும், பறவை வரும். அவை பிறந்தது காடு முழுதாக இருந்த காலத்தில். அவற்றின் மரபணுவை மட்டும் சோதித்தால் பன்மை நன்றாகவே இருக்கிறது என்றுதான் அறிக்கை வரும். இழப்பு காலடியில், முழங்கால் உயரக் கன்றில் இருக்கிறது. பெரிய மரங்கள் விழும்வரை நமக்குத் தெரியாது.

இந்த இடத்தில் காலநிலை வந்து சேர்கிறது. ஒரு கடும் வறட்சி பத்து மரத்தில் நான்கைச் சாய்க்கிறது. மீதி ஆறுக்கும் இடையே தூரம் கூடுகிறது. வெயிலில் ஒன்று முன்னாடியே பூக்கிறது, இன்னொன்று பின்தங்குகிறது. ஆறு மரம் நின்றாலும் ஒரே நேரத்தில் பூப்பது மூன்றுதான் என்றாகிறது. தேனீ வருகிறதோ இல்லையோ. அப்புறம் விளையும் விதை இன்னும் நெருங்கிய உறவின் விதை, அடுத்த வறட்சிக்கு இன்னும் இளைத்த கன்று. ஒவ்வொரு சுற்றிலும் இது இறுகிக்கொண்டே போகும்.

சாவு எல்லா மரத்தையும் ஒரே மாதிரி எடுப்பதும் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப் பைன் வண்டு என்ற அரிசிமணி அளவுப் பூச்சி 1990களுக்குப் பிறகு 1.8 கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டைத் தாக்கியது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிடப் பெரிது. முன்பெல்லாம் மைனஸ் 40 டிகிரிக் குளிர் பட்டைக்குள் இருக்கும் புழுக்களைக் கொன்றுவிடும். குளிர்காலம் மிதமானதும் புழு பிழைத்துக்கொண்டது. அமெரிக்காவின் மொன்டானாவில் இதே வண்டின் தாக்குதலுக்குப் பிறகு தப்பி நின்ற பைன் மரங்களை ஆராய்ந்தபோது, அவை சுற்றியிருந்த கூட்டத்திலிருந்து மரபணுவில் வேறாகத் தெரிந்தன. அதாவது தப்பியது வெறும் அதிர்ஷ்டத்தால் இல்லை. இந்த மாதிரிக் காடுகளில் ‘எப்படியும் செத்த காடுதானே’ என்று நின்றவற்றையும் சேர்த்து வெட்டிவிடுவது, சல்லடையில் தங்கிய மணியைக் குப்பையில் கொட்டுவதற்குச் சமம்.

கையிருப்பே இல்லாத மரம் எப்படி இருக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் வாலமை பைன் இருக்கிறது. சிட்னியிலிருந்து 200 கிலோமீட்டருக்குள், ஒரு பள்ளத்தாக்கில், 1994இல் கண்டுபிடித்தார்கள். காட்டில் வளர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. மரபணுவைப் பார்த்தால் மரத்துக்கு மரம் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. வேரழுகல் நோய் ஒன்றை ஒரு மரம் தாங்காது என்றால் வேறு எந்த மரமும் தாங்காது என்று அர்த்தம். 2019-20 காட்டுத்தீயின்போது தீயணைப்பு வீரர்களை ஹெலிகாப்டரில் இறக்கித் தண்ணீர்க் குழாய் போட்டு, விமானத்திலிருந்து தீத்தடுப்புக் கலவை தெளித்து அந்தத் தோப்பைக் காப்பாற்றினார்கள். நெகிழவைக்கும் வேலை. ஆனால் எத்தனை மர இனத்துக்கு இப்படிச் செய்ய முடியும்? 2021இல் வெளியான உலக மரங்களின் நிலை அறிக்கைப்படி சுமார் 60,000 மர இனங்களில் ஏறக்குறைய 17,500 அழிவின் அபாயத்தில் இருக்கின்றன.

விதையைக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாமே என்பார்கள். சில மரங்களுக்கு முடியும். நார்வேயின் ஸ்வால்பார்டு விதைக் காப்பகத்தில் ஸ்ப்ரூஸ், பைன் ஆகிய ஊசியிலை மரங்களின் விதைகளும் போயிருக்கின்றன. ஆனால் பலாக்கொட்டையைக் காயவைத்து டப்பாவில் போட்டு அடுத்த வருடம் நட்டுப் பாருங்கள், முளைக்காது. மாங்கொட்டையும் அப்படித்தான், நாவலும் அப்படித்தான். காய்ந்தால் செத்துவிடும், உறையவைத்தாலும் செத்துவிடும். மர இனங்களில் மூன்றில் ஒரு பங்கு இந்த வகை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மழைக்காட்டில் பங்கு இன்னும் அதிகம். அவற்றுக்கு வங்கி என்றால் காடுதான்.

சரி, என்னதான் செய்வது? விதையை இடம் மாற்றுவது ஒரு வழி. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1974இல் ஒரு பைன் இனத்தின் விதையை 140 இடங்களிலிருந்து திரட்டி, சுமார் 60 இடங்களில் பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள். எந்த ஊர் விதை எந்த வெயிலில் எப்படி வளர்கிறது என்று பல பத்தாண்டு அளந்த கணக்கு அது. அந்த அறிவின் பலத்தில்தான் 2018 முதல், நடப்போகும் இடத்தைவிட வெப்பமான இடத்திலிருந்து விதை எடுக்கும் முறைக்கு அந்த மாகாணம் மாறியது. கலிபோர்னியாவில் பள்ளத்தாக்கு ஓக்கை 95 ஊர்களிலிருந்து எடுத்து இதே மாதிரி வளர்த்துப் பார்த்தபோது, கன்றுகள் தங்கள் சொந்த ஊரின் இன்றைய வெப்பத்தைவிடக் குளிர்ந்த நிலையில்தான் நன்றாக வளர்ந்தன. மரம் இன்னும் பனியுகத்தின் நினைவிலேயே இருக்கிறது. இன்றைய வெயிலுக்கே பின்தங்கிவிட்டது, நாளைய வெயிலுக்கு என்ன செய்யும்? ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே வெப்பத்தில் நன்றாக வளரும் மரபணு கொண்டவையும் இருந்தன. தேடி எடுத்து நடலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வருகிறது.

கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை இல்லை இது. நார்வேயில் வடக்கத்து ஸ்ப்ரூஸ் தாய்மரங்களைத் தெற்கே வெப்பமான விதைத்தோட்டத்தில் வைத்து விதை எடுத்தார்கள். அந்தக் கன்றுகள் இலையுதிர் காலத்தில் மொட்டு மூடுவதைத் தள்ளிப்போட்டு, தெற்கத்துக் கன்றுகள் போலவே நடந்துகொண்டன. தாயின் மரபணு மாறவில்லை. விதைக்குள் கரு உருவாகும் நாட்களில் பட்ட வெப்பமே அந்தக் கன்றின் நாட்காட்டியை எழுதிவிடுகிறது. வயிற்றில் இருக்கும்போது பட்டது வாழ்நாள் முழுக்க நிற்கிறது என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான். நல்ல செய்தியாகவும் எடுத்துக்கொள்ளலாம், மரத்துக்கு மரபணுவைத் தாண்டியும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் சக்தி இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோவது இலக்கு. கோடிக்கணக்கில் கன்று வேண்டும். கோவையில் 1988 முதல் மத்திய அரசின் வன மரபியல் நிறுவனமே இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சம் இல்லை. விவசாயி நாலைந்து வருடத்தில் வெட்டி விற்கும் சவுக்குக்கும் தைல மரத்துக்கும் குளோன் கன்று, அதாவது ஒரே மரத்தின் அச்சுப் பிரதி, நடுவதில் தவறொன்றும் இல்லை, அது பயிர். காடாக நிற்கவேண்டிய இடத்துக்கு வேறு கணக்கு. ஒரு இனத்துக்கு முப்பதுக்குக் குறையாத தாய்மரம், ஒன்றுக்கொன்று ஐம்பது நூறு மீட்டர் இடைவெளி, ஒவ்வொன்றிலிருந்தும் ஏறத்தாழ சம அளவு விதை. விதை சேகரிப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் நடைமுறை இதுதான். பொறுக்கும் பெண்களுக்குக் கிலோவுக்குக் கூலி கொடுத்தால் அவர்கள் அதிகம் காய்த்த மரத்தடிக்குத்தான் போவார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை. மர எண்ணிக்கைக்கும் சேர்த்துக் கூலி கொடுத்தால் முப்பது மரத்துக்கும் போவார்கள். நர்சரிப் பலகையில் இனம், விதைத்த தேதி, கன்று எண்ணிக்கை என்று மூன்று கட்டம் இருக்கிறது. எத்தனை தாய்மரம், எந்த ஊர் என்று இன்னும் இரண்டு கட்டம் போடப் பெயின்ட் செலவு தவிர வேறென்ன?

முதுமலைக்குப் போகிறவர்கள் தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி வரும் வழியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். மேற்கு விளிம்பில் பெய்யும் மழையில் பாதிகூட கிழக்கே மாயார்ப் பக்கம் பெய்வதில்லை. மேற்கே தேக்கு நெடுநெடுவென்று நிமிர்ந்திருக்கும். கிழக்கே வரவர அதே தேக்கு குட்டையாகி, முறுக்கி, கிளைத்து நிற்கும். விதைக்கு மரம் தேர்ந்தெடுப்பவர்கள் நிமிர்ந்ததற்குத்தான் எண் போட்டுப் பெயின்ட் அடிப்பார்கள், ஏனென்றால் தேக்கு என்றாலே பலகை. வறண்ட பக்கத்தில் நிற்பது மண்ணாலும் மழைக்குறைவாலும் குட்டையானதா, வறட்சியைத் தாங்கும் வம்சமா என்பதை இரண்டு பக்க விதையையும் ஒரே தோட்டத்தில் நட்டு, பதினைந்து இருபது வருடம் காத்திருந்துதான் பிரித்தறிய முடியும். தலைமுறை தலைமுறையாக அரை மழையில் விதைபோட்டு வந்த அந்த மரங்கள் வருடாவருடம் காய்க்கின்றன, காய்கள் சாலையோரத்தில் உதிர்ந்து கிடக்கின்றன.